லூன் ஆற்றங்கரையில் இரண்டு மைல்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் 'சந்தையூர்' என்பது வெறும் வருணனைப் பெயர் அன்று. அது ஓர் உரிமையின் பெயர். இன்ன கிழமையில் இன்ன ஊரில் சந்தை கூடலாம் என்று அரசன் பட்டயம் எழுதிக் கொடுத்தால்தான் அவ்வூர் சந்தையூர் ஆகும். வடமேற்கு இங்கிலாந்தில், லூன் ஆற்றின் மேட்டுக்கரையில் அமர்ந்திருக்கும் கர்பி லான்ஸ்டேல் என்னும் சிற்றூர் அவ்வுரிமையை 1227ஆம் ஆண்டில் பெற்றது. வியாழக்கிழமைச் சந்தை இன்றும் கூடுகிறது. பழைய வெஸ்ட்மோர்லாந்து மாவட்டத்தின் தென்கோடியில், லங்காஷயர், யார்க்ஷயர் ஆகிய இரண்டின் எல்லையையும் தொட்டுக்கொண்டு நிற்பதால் மூன்று திசை மக்களும் இங்கு வந்து மாடு விற்றனர்; கம்பளி விற்றனர்; உப்புக்கறிப் பணியாரம் தின்றனர். 'சால்ட் பை லேன்' என்று ஒரு சந்து இங்கு உண்டு. சந்தைக்கு வரும் மாட்டு வணிகர்களுக்கு ஒரு பெண்மணி உப்பு மிகுந்த ஆட்டிறைச்சிப் பணியாரம் விற்றாராம். அதைத் தின்றவர்களுக்கு எடுக்கும் தாகத்தால் பக்கத்து மதுக்கடைக்காரர் செழித்தாராம். சந்தின் பெயருக்கு ஊரார் சொல்லும் காரணம் இது.

இன்று இவ்வூருக்கு வருவோரில் பலர் மாடு வாங்க வருபவர் அல்லர், நடக்க வருபவர். பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு ஒரு பிற்பகலில் நடந்து முடிக்கத்தக்க சிறு வட்டப்பாதைகள் ஊரைச் சுற்றிப் பல உள்ளன. எவ்வழியில் எத்தனை மைல், எங்கே வேலியைக் கடக்கும் படிகள் உள்ளன, எங்கே குழந்தைத் தள்ளுவண்டி செல்லாது என்றெல்லாம் கூறும் வழிநடைக் கையேடுகளும் உள்ளன. சென்றவன் செல்வோனுக்கு வழி கூறுவது ஆற்றுப்படை என்று மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் ஒருவனுக்கு இக்கையேடுகளின்மேல் தனியொரு பற்று வருவது இயல்புதானே. 'ஆறு' என்ற ஒரே சொல் நீரோட்டத்தையும் வழியையும் குறிப்பது நம் மொழியின் பேறு. லூன் பள்ளத்தாக்கில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒட்டியே செல்கின்றன.

அந்தப் பாதைகளுள் இரண்டின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். ஒன்றைச் சுருக்கமாகவும் மற்றொன்றைச் சற்று விரிவாகவும் காண்போம்.

முதலாவது, பெரும்பாலோர் நடக்கும் ஆற்றங்கரை வட்டம். சாத்தான் பாலம் என்று பெயர் பெற்ற மூன்று வளைவுக் கற்பாலத்தில் அது தொடங்கும். 14ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் இப்பாலத்தைக் கட்டியவன் சாத்தானே என்பது பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை. ஒரு கிழவியின் பசு அக்கரைக்குப் போய்விடுகிறது, ஆற்றிலோ வெள்ளம். பாலத்தை முதலில் கடக்கும் உயிர் தனக்கே உரியது என்ற நிபந்தனையோடு சாத்தான் ஒரே இரவில் பாலம் கட்டித் தருகிறான். கிழவி ஒரு ரொட்டித்துண்டைப் பாலத்தின்மேல் எறிகிறாள். அவளுடைய நாய் அதைத் துரத்தி ஓடுகிறது. சாத்தான் ஏமாந்து போகிறான். நாயின் கதி என்னவாயிற்று என்று பிள்ளைகள் கேட்பார்கள். கதை அதைச் சொல்வதில்லை. 1932ஆம் ஆண்டில் சற்றுக் கீழே ஸ்டான்லி பாலம் திறக்கப்பட்ட பின் இப்பாலத்தில் ஊர்திகள் செல்வதில்லை.

பாலத்திலிருந்து ஆற்றோரமாக மேல்நோக்கி நடந்தால் செங்குத்தான கற்படிக்கட்டு ஒன்று வரும். எண்பதுக்கும் மேற்பட்ட படிகள். ஏறி முடித்தால், ஓவியர் டர்னர் தீட்டியதும் 1875ஆம் ஆண்டில் ஜான் ரஸ்கின் வானளாவப் புகழ்ந்ததுமான பள்ளத்தாக்குக் காட்சி விரியும். அதற்கு 'ரஸ்கின் காட்சி' என்றே பெயர். ஆறு கரையை அரித்ததனால் இம்மேட்டுப்பாதையின் பகுதி அண்மை ஆண்டுகளில் மூடப்பட்டதும் உண்டு. காட்சியைக் காட்டிலும் அந்தப் படிக்கட்டின் பெயரே என்னை ஈர்த்தது. 'ராடிக்கல் படிகள்' என்பது அதன் பெயர். படிக்கட்டில் என்ன தீவிரவாதம்? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் பியர்சன் என்பவரின் நிலத்தினூடே ஒரு பொதுவழி சென்றது. தம் தோட்டத்தில் ஊரார் நடமாடுவதைத் தவிர்க்க விரும்பிய அவர், வழியை அப்பால் திருப்பி, அதற்கு ஈடாக இப்படிகளை அமைத்தார். அவருடைய அரசியல் கொள்கை தீவிரச் சீர்திருத்தக் கட்சியைச் சார்ந்தது. ஆகவே படிகளும் 'ராடிக்கல்' ஆயின. மக்களுரிமை பேசியவர் மக்கள் நடந்த வழியைத் தம் வீட்டோரத்திலிருந்து அகற்றினார் என்பதில் உள்ள நகைச்சுவையை ஊரார் உணர்ந்தே பெயரிட்டிருக்க வேண்டும் என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.

பியர்சனாவது மாற்றுவழி கொடுத்தார். அக்காலத்து நிலக்கிழார்களில் பலர் அதையும் கொடுக்கவில்லை. 1815ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, 'தேவையற்றது' என்று இரண்டு நீதிக்காவலர்கள் கருதினால் ஒரு பாதையை மூடிவிடலாம் என்றது. அந்த நீதிக்காவலர்கள் யார்? பெரும்பாலும் அதே நிலக்கிழார்கள். இல்லையேல் அவர்களோடு விருந்துண்ணும் நண்பர்கள். இதை எதிர்த்துத்தான் 1824ஆம் ஆண்டில் யார்க் நகரிலும் 1826ஆம் ஆண்டில் மான்செஸ்டரிலும் பழம்பாதைகளைக் காக்கும் சங்கங்கள் தோன்றின. மான்செஸ்டருக்கு அருகே ஃபிளிக்ஸ்டனில் ரால்ஃப் ரைட் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் மூடிய வழியை அச்சங்கம் வழக்காடி மீட்டது. அவரும் ஒரு நீதிக்காவலரே. உழைக்கும் மக்கள் வயலுக்கும் ஆலைக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்த தடங்களே இன்றைய பொழுதுபோக்குப் பாதைகள். யாரோ வழக்காடியதால் அவை எஞ்சின.

இனி இரண்டாவது பாதை. யார்க்கில் அந்தச் சங்கம் தோன்றிய அதே 1824ஆம் ஆண்டின் சனவரியில், கர்பி லான்ஸ்டேலுக்குத் தென்கிழக்கே இரண்டு மைல் தொலைவில், கவன் பிரிட்ஜ் என்ற குக்கிராமத்தில் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. லெக் என்னும் ஓடை சாலையைக் கடக்குமிடத்தில் அது இருந்தது. ஏழைக் குருமார்களின் பெண்மக்களுக்கான பள்ளி. நிறுவியவர் வில்லியம் கேரஸ் வில்சன். அருகிலுள்ள டன்ஸ்டல் ஊரின் சேகரகுரு. சிறுவர்களுக்காகச் சமய இதழ் நடத்தியவர். ஆண்டுக்கு 14 பவுன் கட்டணத்தில் உணவும் உறைவிடமும் கல்வியும் தருவதாகப் பள்ளி அறிவித்தது. உண்மைச் செலவு அதனினும் மிகுதி. மீதியை நன்கொடையால் ஈடுகட்டினர். அடிமை வணிகத்தை எதிர்த்த வில்பர்ஃபோர்ஸும் எழுத்தாளர் ஹன்னா மோரும் ஆதரவாளர்களுள் இருந்தனர். நற்பெயர் பெற்றோர் துணைநின்ற, நல்ல நோக்கமுடைய அறச்செயல் அது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

ஹாவர்த் என்னும் மலையூரின் குருவானவர் பேட்ரிக் பிராண்ட்டே 1821ஆம் ஆண்டில் மனைவியை இழந்தவர். ஆறு பிள்ளைகள், சிறு வருமானம். இப்பள்ளி அவருக்குத் தெய்வச்செயலாகவே தோன்றியிருக்கும். 1824 சூலையில் மரியாவையும் எலிசபெத்தையும், ஆகஸ்டில் சார்லட்டையும், நவம்பரில் எமிலியையும் அனுப்பினார். மூத்தவளுக்குப் பத்து வயது, எமிலிக்கு ஆறு.

பள்ளி டன்ஸ்டல் சேகரத்துக்குள் இருந்தது. நிறுவியவரே அங்கு பிரசங்கம் செய்பவர். ஆதலால் ஞாயிறுதோறும் மாணவியர் அனைவரும் டன்ஸ்டல் தேவாலயத்திற்கு நடந்தனர். போக இரண்டு மைலுக்குச் சற்று மேல். வர அதே அளவு. மழையோ பனியோ விலக்கில்லை. ஒதுங்க இடமற்ற, ஏறி இறங்கும் வெட்டவெளி. ஈரக்காலோடு கோயிலில் அமர வேண்டும்; கோயிலுக்குள் கணப்பு கிடையாது. காலை வழிபாட்டுக்கும் பிற்பகல் வழிபாட்டுக்கும் இடையே பள்ளிக்குத் திரும்பி வர நேரமில்லை என்பதால் கையோடு எடுத்துவந்த குளிர்ந்த உணவை வாயில் மண்டபத்தின் மேலுள்ள சிற்றறையில் அமர்ந்து உண்டனர். அந்த இரண்டடுக்கு வாயில் மண்டபம் இன்றும் இருக்கிறது. ஊருக்குச் சற்று வெளியே, புல்வெளி நடுவே அமைதியாக நிற்கும் அக்கோயிலுக்கு இப்போது நடந்து வருவோர் முதலில் அண்ணாந்து பார்ப்பது அதைத்தான்.

1825ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மரியா நோயுற்றாள். பிப்ரவரியில் தந்தை வந்து அழைத்துச் சென்றார். மே 6ஆம் நாள் இறந்தாள். வயது பதினொன்று. வசந்தத்தில் பள்ளியில் காய்ச்சல் பரவியது. எலிசபெத்தும் இருமத் தொடங்கினாள். மே இறுதியில் அவளை வீட்டுக்கு அனுப்பினர். மற்றச் சிறுமியரைக் கடலோரத்துச் சில்வர்டேலுக்குக் கொண்டுசென்றனர். எலிசபெத்தைக் கண்ட தந்தை மறுநாளே, சூன் 1ஆம் நாள், போய்ச் சார்லட்டையும் எமிலியையும் அழைத்து வந்துவிட்டார். எலிசபெத் சூன் 15ஆம் நாள் இறந்தாள். அவளுக்கு வயது பத்து.

22 ஆண்டுகள் கழிந்து, 1847 அக்டோபரில், கரர் பெல் என்ற புனைபெயரில் 'ஜேன் அயர்' நாவல் வெளிவந்தது. அதில் வரும் லோவுட் பள்ளியும், குளிரில் நடந்து செல்லும் சிறுமியரும், கொடுமையைப் பொறுமையால் ஏற்று இறக்கும் ஹெலன் பர்ன்ஸும் படித்தோர் நெஞ்சை உலுக்கினர். லோவுட் எது என்பதை வட இங்கிலாந்தில் பலர் உடனே கண்டுகொண்டனர். 1855ஆம் ஆண்டில் சார்லட் இறந்தபின், 1857ஆம் ஆண்டில் எலிசபெத் காஸ்கெல் எழுதிய வாழ்க்கை வரலாறு பள்ளியையும் நிறுவனரையும் வெளிப்படையாகச் சுட்டியது. கெட்டுப்போன பாலும் தீய்ந்த கஞ்சியும், கர்பி லான்ஸ்டேலிலிருந்து வந்த மருத்துவர் உணவைச் சுவைத்து உடனே துப்பியதும், எழ முடியாமல் கிடந்த மரியாவை ஆசிரியை ஒருவர் படுக்கையிலிருந்து இழுத்ததும் அந்நூலில் இடம்பெற்றன. கேரஸ் வில்சன் தரப்பினர் கொதித்தெழுந்தனர். சார்லட்டின் கணவர் நிக்கல்ஸ் மனைவியின் சார்பில் நாளேட்டில் மறுமொழி எழுதினார். காஸ்கெல் அதே ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பில் தம் வாசகங்களைத் திருத்த நேர்ந்தது.

யார் சொல்வது மெய்? ஒரு நாவலை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா? இலக்கியம் படித்தவர்கள் உணர்ச்சிவசப்பட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடுவது எளிது. எதிர்த்தரப்பின் வாதங்களையும் எடை போட வேண்டும். அக்காள் இருவரையும் கொன்றது பள்ளியில் பரவிய காய்ச்சல் அன்று, காசநோய். பள்ளியில் சேரும் முன்பே அப்பிள்ளைகள் தட்டம்மையும் கக்குவான் இருமலும் கண்டு மெலிந்திருந்தனர். அவர்கள் வாழ்ந்த ஹாவர்த் மட்டும் நலம் மிக்க ஊரா? 1850ஆம் ஆண்டின் பாபேஜ் அறிக்கை, அவ்வூரில் இறந்தோரின் சராசரி வயது 25.8 என்றும், பிறந்தோரில் நூற்றுக்கு 41 பேர் ஆறு வயதைக் காணுமுன் இறந்தனர் என்றும் கணக்கிட்டது. இடுகாட்டுக் கசிவு குடிநீரில் கலந்த ஊர் அது. இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரு குருவானவரின் தலைமேல் இரண்டு மரணங்களை ஏற்றுவது நீதியாகாது.

ஆயினும் நான் சார்லட்டின் பக்கமே நிற்கிறேன். காரணம் அந்த நடைதான். உணவு கெட்டிருந்ததா என்பதில் வழக்குண்டு. சமையற்காரர் மேல் பழி போடலாம்; அவர் மாற்றப்பட்டதும் உண்மை. ஆசிரியை கொடியவரா என்பதும் கேட்டவர் மனநிலையைப் பொறுத்தது. ஆனால் கவன் பிரிட்ஜுக்கும் டன்ஸ்டலுக்கும் இடையேயுள்ள தொலைவில் வழக்கில்லை. இன்றும் எவரும் நடந்து அளந்து பார்க்கலாம். திங்கள் முதல் சனி வரை நெருக்கமான அறைகளில் அடைபட்டு, ஞாயிறன்று நெஞ்சில் நோயுள்ள பத்து வயதுப் பிள்ளை, சனவரி மாதத்து வடகாற்றில், போகவர நான்கு மைலுக்கு மேல் நடந்து, நடுவே பல மணிநேரம் ஈரக்காலோடு குளிர்ந்த கல்தளத்தில் இருந்தாள் என்பதற்கு நாவலாசிரியரின் கற்பனை தேவையில்லை. அந்த ஏற்பாட்டை எளிதில் மாற்றியிருக்கலாம். நிறுவியவர் வழிபாட்டைப் பள்ளியிலேயே நடத்தியிருக்கலாம். நோயுற்றோரையேனும் விலக்கியிருக்கலாம். 1833ஆம் ஆண்டில் பள்ளி, அவருடைய இல்லம் இருந்த காஸ்டர்டனுக்கு மாற்றப்பட்டது. அதன் தொடர்ச்சியான காஸ்டர்டன் பள்ளி 2013ஆம் ஆண்டில் செட்பர்க் பள்ளியோடு இணைந்தது. இவ்வளவு இடையூறு இருந்திருக்கலாம் என்று தாம் அறிந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன் என்ற பொருளில் சார்லட் காஸ்கெலிடம் கூறியதுண்டு. இடம் இவ்வளவு எளிதில் அடையாளம் காணப்படும் என்று அவர் எண்ணவில்லை. எழுதியதில் பொய்யில்லை என்பதில் மட்டும் அவர் இறுதிவரை பின்வாங்கவில்லை.

வழிநடைக் கையேடுகள் இப்பாதையைப் 'பிராண்ட்டே நடை' என்று குடும்பங்களுக்குப் பரிந்துரைக்கின்றன. அதில் பிழையில்லை. கோடையில் வேலியோரப் பூக்களுக்கிடையே பிள்ளைகள் ஓடிக் களிக்க ஏற்ற வழியே. ஒன்றை மட்டும் நினைவில் கொள்வது நல்லது. இன்று நடப்போர் வயல்வெளிப் பாதைகளை விரும்புகின்றனர். நாவலோ மேடான திறந்த சாலை என்றே சொல்கிறது. வயல் வரப்புகளில் சிறுமியரை வரிசையாக நடத்தினர் என்பதற்குச் சான்று இல்லை. நடக்க இனிய வழியும் நடந்த வழியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லையே. டன்ஸ்டல் கோயிலின் சாளரமொன்றில் ரோமானியர் காலத்துக் கல் ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. பக்கத்து பர்ரோவில் ரோமானியர் கோட்டை இருந்தது. ஆக, இத்தடங்களில் சிலவற்றில் படை நடந்திருக்கிறது, பின்னர் பங்கு மக்கள் நடந்திருக்கின்றனர், பின்னர் பள்ளிச் சிறுமியர், இப்போது நாம்.

இத்தகைய வழிகள் வரைபடத்தில் சட்டப்படி பதிவு பெற்றது மிகவும் பிற்காலத்தில்தான். 1949ஆம் ஆண்டின் சட்டம், ஒவ்வொரு மாவட்டமும் தன் பொதுவழிகளை வரைபடத்தில் குறிக்கவேண்டும் என்றது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவ்வாறு பதிவானவை ஏறத்தாழ 1,40,000 மைல். விடுபட்டவை எவ்வளவு? நடைப்பயணிகள் சங்கத்தார் பழைய வரைபடங்களை இன்றைய வரைபடங்களோடு ஒப்பிட்டு, 49,000 மைல் வழிகள் பதிவில் இல்லை என்று 2020ஆம் ஆண்டில் அறிவித்தனர். 2000ஆம் ஆண்டுச் சட்டம் பழம்பாதைகளைப் பதிவு செய்ய 2026 என்று கெடு வைத்தது. அக்கெடு 2022இல் நீக்கப்படும் என்றனர். 2023இல் 2031 என்று மாற்றினர். 2024 டிசம்பரில் கெடுவையே ஒழிக்கப்போவதாகப் புதிய அரசு அறிவித்தது. இழுபறியின் வேகத்தைப் பார்த்தால், 1815ஆம் ஆண்டு நீதிக்காவலர்களின் ஆவி இன்னும் எங்கோ உலவுகிறது போலும்.

'ஜேன் அயர்' நாவலில் இன்னொரு நடையும் உண்டு. டன்ஸ்டல் நடையைப் பேசுவோர் பலர் இதைப் பேசுவதில்லை. பதினெட்டு வயதாகி லோவுட்டிலேயே ஆசிரியையாக இருக்கும் ஜேன், வேறு வேலை தேடி நாளிதழுக்கு விளம்பரம் எழுதுகிறாள். அதை அஞ்சலில் சேர்க்க லோட்டன் என்ற ஊருக்கு நடந்து செல்கிறாள். அத்தொலைவும் இரண்டு மைல். லோட்டன் என்பது கர்பி லான்ஸ்டேலே என்பது அறிஞர் துணிபு. ஒரு வாரம் கழித்து, இலையுதிர்காலத்து மாலையில், காலணிக்கு அளவு கொடுக்கப் போவதாகச் சாக்குச் சொல்லிவிட்டு மீண்டும் போகிறாள். ஓடையோரமாகச் செல்லும் அழகிய தடம் என்று நாவல் அவ்வழியைக் குறிக்கிறது. அன்றைக்கு அழகைவிடக் கடிதத்தையே தான் அதிகம் எண்ணியதாக ஜேன் சொல்கிறாள். செருப்புத் தைப்பவரிடம் அளவு கொடுத்துவிட்டு, தெருவைக் கடந்து, மூக்குக்கண்ணாடி அணிந்த மூதாட்டி நடத்தும் அஞ்சலகத்தில் நுழைகிறாள். அவளுக்கென ஒரே ஒரு கடிதம் வந்திருக்கிறது. அங்கேயே பிரித்துப் படிக்க நேரமில்லை. எட்டு மணிக்குள் பள்ளிக்குத் திரும்பியாக வேண்டும். மணி அப்போதே ஏழரை.